பெட்டிக்குள்ள எத்தினை வாத்தியம் வேணும்?

எங்கட குழுவில் ஆறு பேர். ஒரு கீபோட், ஒரு கிற்றார், ஒரு வயலின், மூன்று குரல்கள். இவற்றோடு உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டி. நிகழ்ச்சி முடிந்ததும் ஆராவது மேடைக்குக் கிட்ட வந்து அந்தப் பெட்டியைக் காட்டிக் கேட்பார்கள்: "உதுக்குள்ள எத்தினை சவுண்ட் இருக்கு?"

"ஏழு" என்போம்.

கேட்டவரின் முகம் சப்பென்று போய்விடும். ஒரு வருசத்துக்கு முதல் இதே கேள்விக்கு "ஆயிரத்துக்கு மேல" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன ஆக்கள்தான் நாங்கள். ஆயிரம் எப்பிடி ஏழானது, அது ஏன் சரி என்று நினைக்கிறம் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் பெட்டியைப் பற்றி. 1996இல் ஜேர்மனியின் ஸ்ரைன்பேர்க் நிறுவனம் வி.எஸ்.ரி. என்ற முறையைக் கொண்டுவந்தது. 1999இல் அதன் இரண்டாவது பதிப்போடு, கணினிக்குள்ளேயே ஓடுகிற இசைக்கருவிகள் வரத் தொடங்கின. பியானோ, ஓகன், சிந்தசைசர் எல்லாம் மென்பொருளாகிவிட்டன. அதைத்தான் பிளக்இன் என்கிறார்கள். ஆனால் மேடைக்குக் கணினியைத் தூக்கிப் போவதில் எல்லாருக்கும் ஒரு பயம். அதனால் பிளக்இன்களை மட்டும் ஓடவைக்கிற தனிப் பெட்டிகள் வந்தன. மியூஸ் றிசேர்ச்சின் 'றிசெப்ரர்', எஸ்.எம். புறோ ஓடியோவின் 'வி-மெசின்' எல்லாம் அப்பிடி வந்தவை. இன்றைக்கு அதே வேலையை றாஸ்பெரி பை என்ற சின்னக் கணினி அட்டையை வைத்துச் செய்யலாம். 'சின்தியன்' என்ற திறந்தமூல மென்பொருளை அதில் ஏற்றினால், கீபோட்டைச் செருகிக்கொண்டு வாசிக்கவேண்டியதுதான்.

லப்ரொப் இருக்கேக்க இது ஏன் என்று கேட்கலாம். எங்களிடம் இருந்த ஒரே நல்ல லப்ரொப் ஒரு தோழியின்ர. அதில்தான் அவளுடைய ஆய்வுக்கட்டுரையும் இருந்தது. பீடத்து நாடகம் ஒன்றுக்கு அதைக் கொண்டுபோய் வைத்து, விளக்கு அணைந்து, முதல் காட்சிக்கு பியானோ தொடங்கவேண்டிய நேரத்தில் திரையில் ஒரு கட்டம் வந்தது: உரிமத்தைச் சரிபார்க்க இணையத்தில் இணையவும். மண்டபத்துக்குள் சிக்னல் ஒரு கோடும் இல்லை. காசு குடுத்து வாங்கின பிளக்இன்தான், ஆனாலும் வாய் திறக்கேல்லை. அன்றைக்குக் கிற்றாரை மட்டும் வைத்து ஒப்பேற்றினோம்.

காசு இன்னொரு காரணம். 2022இல் நாங்கள் ஏ.எல். படித்துக்கொண்டிருந்த நேரம், 200 ரூபாயளவில் நின்ற டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டது. வெளியில் இருந்து வருகிற எந்த இசைக்கருவியின் விலையையும் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பிவருகிற நிலைமை. பழைய றாஸ்பெரி பை 4 ஒன்றை ஆறு பேரும் சேர்ந்து காசு போட்டு வாங்கினோம். அது 5 வோல்ற்றில் ஓடுகிற சாமான். நல்ல பவர் பாங்க் ஒன்று போதும். ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த காலத்தைப் பார்த்த ஆக்களுக்கு அது சின்ன விசயம் இல்லை.

பெட்டி கைக்கு வந்ததும் செய்த முதல் பிழை, கண்ணில் பட்ட எல்லாவற்றையும் ஏற்றினது. கல்யாண வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் சின்னப் பிள்ளையை விட்டமாதிரி. பிறகுதான் விளங்கியது, பெட்டிக்கும் ஒரு வயிறு இருக்கு.

ஒரு பிளக்இன்னைப் பெட்டிக்குத் தெரிவு செய்ய முதல் மூன்று கேள்வி கேட்கவேணும். ஒன்று, இந்த மூளையில் இது ஓடுமா? விண்டோஸ் கணினிக்கென்று செய்தது றாஸ்பெரி பையின் செயலியில் அப்பிடியே ஓடாது. பழைய வி-மெசின் வைத்திருந்த ஆக்களுக்கும் இதே தலையிடிதான். கடையில் இருக்கிற எல்லாப் பிளக்இன்னும் பெட்டியில் ஓடாது, ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் ஏற்றவேணும். இரண்டு, எவ்வளவு நினைவகம் தின்னும்? மூன்று, வீட்டுக்கு வெளியில், இணையம் இல்லாத இடத்தில், இது எங்களை நம்புமா? மூன்றாவது கேள்விக்கு "இல்லை" என்றால் மற்ற இரண்டையும் கேட்கத் தேவையில்லை.

இனித் தாமதம். விசையை அழுத்தினதுக்கும் சத்தம் வாறதுக்கும் இடையில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். செக்கனுக்கு 48,000 மாதிரிகள் என்ற கணக்கில் ஓடுகிற பெட்டி, ஒரு தடவைக்கு 256 மாதிரிகளைச் சேர்த்து அனுப்பினால் தாமதம் 5.3 மில்லிசெக்கன். 1024 ஆக்கினால் 21. காற்றில் ஒலி ஒரு மீற்றர் போக ஏறத்தாழ 3 மில்லிசெக்கன் எடுக்கும். அப்ப 21 என்பது, நீங்கள் வாசிக்கிற கீபோட்டின் ஸ்பீக்கர் ஏழு மீற்றர் தள்ளி நிற்கிறமாதிரி. மெதுவான பாட்டுக்குச் சமாளிக்கலாம், வேகமான பாட்டில் விரல் தடுமாறும். தாமதத்தைக் குறைத்தால் பெட்டியின் செயலி மூச்சு வாங்கும், சத்தம் கரகரக்கும். பாரமான பிளக்இன் ஒவ்வொன்றும் இந்த இடத்தில்தான் விலை கேட்கும். கணினியில் கேட்கேக்க இனிமையாக இருந்த எத்தனையோ சத்தங்களை நாங்கள் தூக்கியெறிந்தது இதனால்தான்.

மிஞ்சின ஏழையும் சொல்லுறம்.

பியானோவுக்கு 'சலமாண்டர்'. யமஹா சி5 பியானோவை 16 அழுத்த அளவுகளில் ஒலிப்பதிவு செய்து இலவசமாகக் குடுத்திருக்கிறார்கள். 'பியானோரெக்' வேறு வழி. அது ஒலிப்பதிவே இல்லாமல், கம்பியும் சுத்தியலும் எப்பிடி அதிரும் என்று கணக்குப் போட்டுச் சத்தத்தை உண்டாக்குகிறது. நினைவகம் மிகக் குறைவு, ஆனால் செயலிக்கு வேலை கூட. அதன் சோதனைப் பதிப்பில் சில விசைகள் பேசாது, 20 நிமிசத்தில் நின்றுவிடும். வாங்கக் காசு சேரும்வரை சலமாண்டர்.

எலெக்ரிக் பியானோவுக்கு 'டெக்ஸ்ட்'. 1983இல் வந்த யமஹா டி.எக்ஸ்7ஐ மென்பொருளாக்கினது. அந்தக் காலத்து ஒலித்தொகுப்புக் கோப்புகளை அப்பிடியே வாசிக்கும். எங்கட அம்மாமாரின் கசற் காலத்துப் பாட்டுகளைப் போட்டால் முதலில் அவர்கள்தான் "இது அந்தச் சத்தமெல்லோ" என்பார்கள். ஓகனுக்கு 'செற்பிஃபிறீ'. ஹமண்ட் ஓகனின் ஒன்பது இழுகோல்களையும் கீபோட்டின் நழுவுகட்டைகளோடு இணைத்துவிட்டோம். சுண்டெலி இல்லாத பெட்டியில் இது பெரிய ஆறுதல், ஏனெண்டால் திரையில் இருநூறு குமிழ் இருந்தாலும் மேடையில் கைக்கு எட்டுகிறது எட்டோ ஒன்பதோதான். 'சேர்ஜ்' சிந்தசைசரில் ஒரு பாஸ், பின்னணிக்கு ஒரு நீண்ட ஒலி. ஒரு சவுண்ட்ஃபொன்ட் கோப்பில் இருந்து தந்திக்குழு. கடைசியாக, 'சின்ஆட்சப்எஃப்எக்ஸ்'இல் நாங்களே செய்த சுருதி.

ஏழாக்கின பிறகுதான் நாங்கள் உண்மையில் வாசிக்கத் தொடங்கினோம். ஆயிரம் இருந்தபோது ஒத்திகையில் பாதி நேரம் "அதுக்கு அடுத்ததைப் போடு, இல்லை, அதுக்கு முந்தினது" என்றே போகும். ஏழு என்றால் ஒவ்வொன்றும் எந்த அழுத்தத்தில் முறுகும், எந்த இடத்தில் குரலை மூடும் என்று விரலுக்குத் தெரியும்.

இவ்வளவும் தொழில்நுட்பக் கதை. ஆனால் ஏழுக்கு வந்ததுக்கு முக்கியக் காரணம் வேறு.

போன வருச நாடகத்தில் ஒரு காட்சி கூத்துப் பாணியில். மத்தளம் வேணும். அண்ணாவியார் ஒருவரைக் கூப்பிடுவதென்றால் வான், சாப்பாடு, அவருடைய இரண்டு நாள் உழைப்புக்குரிய காசு. நெறியாள்கை செய்த தோழன் பெட்டியைப் பார்த்தான். 'உலகத் தாளங்கள்' என்ற தொகுப்பில் மிருதங்கம் இருந்தது. "உதையே போடுவம், ஆருக்கு வித்தியாசம் தெரியப்போகுது?" என்றான். நாங்களும் ஓமெண்டுதான் சொன்னோம். அதை மறைக்கேல்லை.

இரண்டு ஒத்திகை பெட்டியோடு போனது. ஆடினவனுக்கு ஏதோ ஒத்துவரேல்லை. அவனுடைய சுற்று ஒரு அடி நீண்டால் பெட்டி காத்திருக்காது. நாங்கள் விசையில் காத்திருந்தால் அடி வரும், ஆனால் அதே அடி, அதே கனம். கூத்தில் மத்தளக்காரர் ஆட்டக்காரரின் காலைப் பார்த்து அடிக்கிறவர். ஆட்டம் தீர்கிற இடத்தை இரண்டு பேரும் சேர்ந்துதான் தீர்மானிப்பார்கள். கடைசியில் அவன்தான், தனக்குப் பழக்கின அண்ணாவியாரை ஒரு பின்னேரம் கூட்டிவந்தான். அவர் பெட்டியைக் கோவிக்கேல்லை. கிட்ட வந்து குனிந்து பார்த்து, உண்மையான ஆவலோடு கேட்டார்: "தம்பி, இதில எது வலந்தலை, எது தொப்பி?"

எங்களுக்குத் தெரியாது. விசைகளுக்குப் பேர் போட்டவரும் ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான் போட்டிருந்தார். ஒரு வாத்தியத்தின் இரண்டு பக்கமும் தெரியாமல் அதை மேடையில் 'வாசிக்க' இருந்தோம்.

அன்றைக்கு இரவு ஒரு விதி போட்டோம்: பஸ் எடுத்துப்போய்க் கூப்பிடக்கூடிய ஒருவர் வாசிக்கிற வாத்தியத்தை, அவருக்குப் பதிலாகப் பெட்டியில் ஏற்றி மேடைக்குக் கொண்டுபோவதில்லை. மத்தளம், மிருதங்கம், தவில், நாதஸ்வரம், உடுக்கு, எல்லாம் அழிந்தன. அளவெட்டியும் இணுவிலும் இருக்கிற நாட்டில் நாதஸ்வரத்தையும் தவிலையும் மெமறி காட்டில் தேடுவது எங்களுக்கே வெட்கமாக இருந்தது.

இதுக்கு எதிர்வாதங்கள் எங்கட குழுவுக்குள்ளேயே வந்தன. முதலாவது: பியானோவையும் ஓகனையும் மட்டும் ஏற்றலாமோ, அதை வாசிக்கிற ஆக்கள் இல்லையோ? இருக்கினம். எங்கட குழுவிலேயே ஒருத்தி இருக்கிறாள். அவளுக்குப் பதிலாகப் பெட்டி வரேல்லை. வானில் ஏற்றமுடியாத பியானோவுக்குப் பதிலாகத்தான் வந்தது. வாசிக்கிறது அவளுடைய பத்து விரலும்தான். தந்திக்குழுவும் அப்பிடித்தான். இருபது வயலின்காரரைக் கூப்பிட எங்களுக்கு வழியில்லை, ஆனால் தனி வயலின் வாற இடத்தில் பெட்டி வாய் திறக்காது, எங்கட வயலின்காரன் நிற்கிறான்.

இரண்டாவது கொஞ்சம் உறைத்தது: "அப்ப சுருதி? தம்புராக்காரர் ஒருவரைக் கூப்பிடலாமே?" உண்மைதான். எங்களுக்குச் சங்கீதம் படிப்பித்த மிஸ்மாரே மின்சாரச் சுருதிப்பெட்டியோடுதான் வகுப்புக்கு வருவார்கள். அந்தக் கதவு எப்பவோ திறந்துவிட்டது. இதில் எங்களுக்குள் இன்னும் முடிவில்லை. ஆறில் இரண்டு பேர் ஆறு சவுண்ட் போதும் என்றுதான் நிற்கினம்.

மூன்றாவது, காசு. எல்லாக் குழுவுக்கும் அண்ணாவியாரைக் கூப்பிட வசதி இருக்காது என்றார்கள். ஒத்துக்கொள்கிறோம். வீட்டில் பாட்டுக் கட்டிப் பார்க்க, தாளம் பழக, மாதிரி ஒன்று செய்து ஆருக்காவது கேட்கவைக்க, பெட்டி மிருதங்கம் நல்ல உதவி. அதை ஒருவரும் பிழை சொல்லமாட்டினம். மேடை வேறு. நாங்கள் அந்தக் காட்சிக்குக் காசில்லை என்று சொல்லிக்கொண்டே, அதே நாடகத்துக்கு மேலதிக விளக்குகள் வாடகைக்கு எடுத்திருந்தோம். விளக்கைக் குறைத்து வான் பிடித்தோம். அண்ணாவியார் இரண்டு நாளும் வந்தார்.

சுட்ட பிளக்இன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பென்ட்ரைவில் கைமாறுகிற அந்தத் தொகுப்புகளை நாங்களும் வைத்திருந்தோம். எங்கட பாட்டைப் பேர் போடாமல் ஆரோ பகிர்ந்தபோது எவ்வளவு கத்தினோம் என்று நினைத்துப் பார்த்து அதையும் அழித்தோம். மேலே சொன்ன ஏழில் எதுவும் சுட்டது இல்லை, எதுக்கும் காசும் குடுக்கேல்லை.

புதிதாகப் பெட்டி செய்யப்போகிற ஆக்களுக்குப் பட்டறிந்து சொல்லுறது: பெட்டியை ஒழுங்காக அணைத்துவிட்டுத்தான் வயரைக் கழற்றுங்கோ. ஒருதரம் பவர் பாங்கை மறந்து நேரடிக் கரண்டில் ஓட்டினோம், கரண்ட் போய் மெமறி காட்டும் போனது. அதன் பிரதி ஒன்று எப்பவும் பையில் இருக்கட்டும். ஒலிகளைப் பாட்டு வரிசைப்படி அடுக்குங்கோ, ஏழின் சத்த அளவையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாங்கோ. பிறகு, எட்டாவதாக ஒன்றை ஏற்ற ஆசை வந்தால், அதை வாசிக்கிற ஆள் பஸ் தூரத்தில் இருக்கிறாரோ என்று ஒருக்கால் விசாரியுங்கோ.