திரும்பும்போது விழுவது யார்?

மைசூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கல்யாண மண்டபம் ஒன்றில் முப்பது பிள்ளைகள் வரிசையாக நின்று கராத்தே 'கட்டா' செய்துகொண்டிருந்தார்கள். எதிராளி இல்லாமல், வகுத்துவைத்த வரிசையில் செய்யும் அசைவுகளே கட்டா. கீழே கையை வீசி ஒரு தடுப்பு, ஓர் எட்டு, ஒரு குத்து. பிறகு சட்டென்று பின்புறம் திரும்பி மறுபடியும் தடுப்பு.

"எதற்குத் திரும்புகிறார்கள்?" என்று மாஸ்டரிடம் கேட்டேன்.

"பின்னாலிருந்து இன்னொருத்தன் வர்றான் சார்."

மொழிபெயர்த்துப் பிழைக்கும் எனக்கு இந்த உரை போதவில்லை. முன்னால் நின்றவன் என்ன ஆனான்? குத்து வாங்கியதும் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டானா?

மாஸ்டர் சிரித்தார். மூத்த மாணவன் ஒருவனைக் கூப்பிட்டு, அவன் கையைப் பிடித்துத் தன் இடுப்புக்கு இழுத்தார். தன் காலை அவன் காலுக்குப் பின்னால் வைத்தார். 'தடுப்பு' கை அவன் மார்புக்குக் குறுக்கே போனது. உடம்பைத் திருப்பினார். மாணவன் மல்லாந்து சரிந்தான். தரையில் மோதாமல் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்படியும் சொல்வாங்க" என்றார்.

இடுப்பில் சும்மா இருப்பதாக நான் நினைத்த கைதான் எதிராளியைப் பிடித்திருந்தது. புது எதிரியைத் தேடிய திருப்பம்தான் பழைய எதிரியைச் சாய்த்தது. அசைவு அதேதான், உரை மாறிவிட்டது. ஜப்பானியர் இதை 'புன்காய்' என்கிறார்கள். பிரித்துப் பார்ப்பது என்று பொருள். நம் பதம் பிரித்தல்தான்.

இந்தப் பிடிகளை மறைத்தது யார்? ரகசியக் கதைகளுக்குக் குறைவில்லை. தெரிந்த வரலாறோ சாதாரணமானது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒகினாவா தீவில் இதோசு ஆங்கோ கராத்தேயைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோனார். வரிசையில் நிறுத்திச் சொல்லித்தர அசைவு போதும், பொருள் பின்தங்கியது. ஆனால் அவரிடம் பயின்ற ஃபுனாகோஷி கிச்சின், 1935இல் வெளியிட்ட நூலில் ஆளைச் சாய்க்கும் ஒன்பது முறைகளை விளக்கியிருக்கிறார். அச்சில் வந்ததை மறைத்தார்கள் என்பது எப்படி? படிக்கவில்லை என்பதே சரி.

இதே மைசூரில், தசராவின்போது அரண்மனையில் ஜெட்டிகள் வஜ்ரமுஷ்டி ஆடுவார்கள். மொட்டையடித்த தலை, விரல்களில் கூர்முனை ஆயுதம். தலையில் ரத்தம் துளிர்த்ததும் ஆட்டம் முடிந்துவிடும். பார்க்க வந்தவர்களுக்கு வஜ்ரமுஷ்டி என்றால் ஓர் அடி, அவ்வளவுதான். ஆனால் அது மல்யுத்தத்தின் ஒரு கிளை. பிடிப்பதும் சாய்ப்பதும் அதற்குள் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் அமைந்த 'மானசோல்லாசம்' மல்லர்களின் பயிற்சியையும் உணவையும்கூட விவரிக்கிறது. மேடையில் தெரிவது கலையின் நுனி மட்டும்.

உரைகாரர்களுக்கு ஆசையும் அதிகம். நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோள்களில் ஒன்று கொண்டுகூட்டு: சொற்களை வேண்டிய இடத்துக்கு எடுத்துப்போய்ச் சேர்த்துப் பொருள் காண்பது. தாராளமாகக் கூட்டினால் எந்தப் பாட்டிலும் எந்தப் பொருளும் கிடைக்கும். கட்டாவின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஓர் எறிதலைக் கண்டுபிடிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. ஒத்துழைக்காத எதிராளியும் விழ வேண்டும். விழாவிட்டால் உரை தப்பு. தமிழ் உரைகளுக்கு அப்படி ஒரு தரை வாய்க்கவில்லை.

தரை என்றதும் நினைவுக்கு வருகிறது. வகுப்பு முடிந்ததும் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி ஓடிவந்து, தனக்கும் அதைச் சொல்லித்தரச் சொன்னாள். மாஸ்டர் கீழே பார்த்தார். மொசைக் தரை, பாய் கிடையாது. "முதல்ல விழக் கத்துக்கணும்மா. அதுக்கு இடம் வேணும்" என்றார்.

'கரடி மனை' என்று கன்னடத்தில் சொல்லும் மல்யுத்தக் கூடங்களில் விழுவதற்குச் செம்மண் உண்டு. கராத்தே பிள்ளைகள் மறுபடி வரிசையில் நின்றார்கள். தடுப்பு, எட்டு, குத்து, திருப்பம். யாரும் விழவில்லை.