முற்றும்மை

1998 ஜனவரி 28. பூந்தமல்லி தனி நீதிமன்றத்திலிருந்து ராஜீவ் காந்தி கொலை வழக்கின் தீர்ப்பு வந்த அன்று நான் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருந்தேன். '26 பேருக்குத் தூக்கு' என்று தலைப்பு எழுதினேன். படித்துப் பார்த்தால் சப்பென்று இருந்தது. ஒரு 'உம்' சேர்த்தேன். '26 பேருக்கும் தூக்கு'. தலைப்பு எழுந்து நின்றது. செய்தி ஆசிரியர் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

தமிழ் வாத்தியார்கள் இதை முற்றும்மை என்பார்கள். ஒருவர்கூட மிச்சமில்லை, எல்லாரும் அதில் அடக்கம் என்று சொல்லும் உம். அந்த உம்மைப் பற்றி இந்த வாரம் எழுதக் காரணம், போன ஞாயிறு ஒரு கல்யாணப் பந்தியில் நடந்த பேச்சு.

எங்கள் மாமா ஒருவர் நாற்பது வருடமாக செஷன்ஸ் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல். பக்கத்து இலைக்காரர் பாயசத்தை வழித்துக்கொண்டே அவரிடம் கேட்டார்: "கொலை பண்ணினவன்னு ஊருக்கே தெரியுது. அவனுக்காகப் பேச எப்படி சார் மனசு வருது?" மாமா அசரவில்லை. "நான் ஆளுக்குப் பேசறதில்லீங்க. கட்டுக்குப் பேசறேன்" என்றார்.

கட்டு என்றால் கேஸ் கட்டு. சினிமாவில் வக்கீல் என்றால் கூண்டைச் சுற்றி நடந்து கர்ஜிப்பவர். மாமாவின் வேலையில் முக்கால்வாசி, ராத்திரி பத்து மணிக்கு மேல் மூக்குக் கண்ணாடியோடு காகிதம் புரட்டுவது. எஃப்.ஐ.ஆர். எத்தனை மணிக்குப் போடப்பட்டது, மாஜிஸ்திரேட் கைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது, இடையில் ஏன் இத்தனை நேரம்? நேரில் பார்த்ததாகச் சொல்பவர் இரண்டு வெட்டு என்கிறார், பிரேதப் பரிசோதனை அறிக்கை ஐந்து காயம் என்கிறது. மகஜரில் கையெழுத்துப் போட்ட அதே டீக்கடைக்காரர் இன்னும் மூன்று வழக்குகளின் மகஜரிலும் எப்படி வந்தார்? போலீஸ் விசாரணையில் சொல்லாததை இப்போது கூண்டில் ஏறிச் சொல்கிறாரே, அது எங்கிருந்து முளைத்தது? குறுக்கு விசாரணை என்பது இந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகச் சாட்சியின் முன்னால் வைப்பதுதான். குரல் உயர்த்த வேண்டிய அவசியம் பெரும்பாலும் வருவதில்லை.

"பெரிய கேஸ்னா வேலையும் பெருசா மாமா?" என்று கேட்டேன்.

"வேலை அதேதான்டா. சாதாரண கேஸ்ல எதிர்ல அரசாங்க வக்கீல் மட்டும் நிப்பார். பெரிய கேஸ்ல உங்க பேப்பரும் சேர்ந்து நிக்கும்."

சுருக்கென்றது. இந்த ஊரில் அதற்குப் பழைய சான்று இருக்கிறது. 1944 நவம்பர் 8, சென்னை வேப்பேரி. சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை அச்சடித்து விற்றுக்கொண்டிருந்த மஞ்சள் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் ரிக்‌ஷாவில் போகும்போது கத்திக்குத்துப் பட்டார், மறுநாள் இறந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். பிராட்வே தியேட்டரில் 'ஹரிதாஸ்' ஓடிக்கொண்டிருக்க, அதன் நாயகன் சிறையில். கொலைக்கான காரணம் ஊருக்கே தெரியும், அவர்களைப் பற்றி அவன் எழுதினான். அதற்கு மேல் என்ன வேண்டும்? அப்ரூவர் ஒருவரும் கிடைத்தார். 1945 மே மாதம் ஜூரிகள் 6-க்கு 3 என்று பிரிந்து குற்றவாளிகள் என்றார்கள். ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்ற அப்பீலும் தோற்றது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள். அங்கே டி.என். பிரிட் வாதாடினார். வழக்கை மறுபடி கேளுங்கள் என்று உத்தரவு வந்தது. 1947 ஏப்ரலில், வி.எல். எத்திராஜ் வாதாட, சென்னை உயர் நீதிமன்றமே இருவரையும் விடுதலை செய்தது.

புதுச் சாட்சி வரவில்லை. நான்தான் குத்தினேன் என்று யாரும் வந்து நிற்கவில்லை. அதே கட்டு. வாசித்த கண்தான் வேறு. எத்திராஜ் அதற்கு முன்பு அரசுத் தரப்பில் நின்றவர், சென்னையின் முதல் இந்திய கிரௌன் பிராசிக்யூட்டர். ஓட்டை எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா?

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாகவதருக்கு லண்டன் வரை போகக் காசு இருந்தது. போய் ஜெயித்தும் கிட்டத்தட்ட இரண்டரை வருடம் உள்ளே போய்விட்டது, வெளியே வந்தபோது அவருடைய காலமும் போயிருந்தது. காசில்லாதவனின் கட்டு எத்தனை மாவட்டக் கோர்ட்டுகளில் முடிச்சு அவிழ்க்கப்படாமலே கிடக்கும்?

இனி என் 'உம்'முக்கு வருகிறேன். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவோடு காவலர்களும் கட்சிக்காரர்களும் பொதுமக்களும் செத்தார்கள். இங்கே யாருக்கும் அந்த இரவு மறக்காது. நானும் மறுநாள் டீக்கடையில் நின்று, இவனுங்களுக்கு எதுக்கு விசாரணை, எதுக்கு வக்கீல் என்று பேசியவன்தான். தடா சட்டம், பூட்டிய கதவுக்குள் விசாரணை, 288 அரசுத் தரப்புச் சாட்சிகள், கொலையிலிருந்து தீர்ப்பு வரை ஆறு வருடத்துக்கும் மேல். முடிவில் 26 பேரில் 26 பேருக்கும் மரண தண்டனை. தடா என்பதால் உயர் நீதிமன்றப் படி கிடையாது, நேரே உச்ச நீதிமன்றம். பழ. நெடுமாறன் தலைமையில் ஒரு குழு நிதி திரட்டியது. மூத்த வழக்கறிஞர் என். நடராஜன் முன்னின்று வாதாடினார்.

26 பேரையும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தது ஒரு சொல்: சதி. அந்தக் கயிற்றைப் பிரிப்பதுதான் எதிர்த்தரப்பின் வேலை. புலிகள் இயக்கத்தோடு பழக்கம் இருந்தது என்பது வேறு, இந்தக் கொலைக்கு உடன்பட்டான் என்பது வேறு. கொலைக்குப் பிறகு ஓடி வந்தவனுக்கு இடம் கொடுத்தது குற்றம்தான், ஆனால் அது கொலைச் சதி ஆகுமா? ஒவ்வொருவராக எடுத்து, இவனுக்கு முன்கூட்டித் தெரியுமா, சம்மதித்தானா, அதற்கு என்ன சாட்சியம் என்று கேட்க வேண்டும். நடராஜன் குற்றத்தை நியாயப்படுத்தப் போகவில்லை. பெயர்களைத் தனித்தனியாக வாசிக்க வைத்தார்.

1999 மே 11. நீதிபதிகள் கே.டி. தாமஸ், டி.பி. வாத்வா, சையது ஷா முகமது குவாத்ரி. நால்வருக்குத் தூக்கை உறுதி செய்தார்கள், மூவருக்கு ஆயுள் தண்டனை. மீதி 19 பேரும் கொலைச் சதியில் குற்றவாளிகள் அல்லர் என்றது தீர்ப்பு. சிலர் மேலிருந்த அடைக்கலம், பாஸ்போர்ட் போன்ற சில்லறைக் குற்றங்களுக்கு ஏற்கெனவே இருந்த சிறையே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

26-ல் 19. இவர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று அன்றைக்கு என் டீக்கடை சொன்னபடி நடந்திருந்தால்?

அப்படி நடத்திப் பார்த்த ஊரும் உண்டு. கோவையில் வக்கீல்களுக்கும் போலீஸாருக்கும் தகராறு. வழக்கில் சிக்கிய போலீஸாருக்காக எங்கள் உறுப்பினர் எவரும் ஆஜராகமாட்டார் என்று அங்கே வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. கைதானவனுக்கு வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்ற அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு அன்றைக்குக் காக்கிச் சட்டைக்குத் தேவைப்பட்டது. 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: போலீஸோ, தீவிரவாதியோ, யாராக இருந்தாலும் ஆஜராகமாட்டோம் என்று சங்கங்கள் போடும் தீர்மானம் செல்லாது.

நம் கோர்ட்டுத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பெயரே 'எதிரி'. முதல் எதிரி, இரண்டாம் எதிரி. தீர்ப்புக்கு முன்னாலேயே அந்தப் பெயர் ஒட்டிக்கொள்கிறது. அந்த எதிரி பக்கத்தில் போய் நிற்பவரும் ஊருக்கு எதிரி ஆகிறார்.

பந்தியில் கைகழுவும்போது மாமாவிடம் கேட்டேன்: "நீங்க காப்பாத்தினதுல நிஜமாவே செஞ்சவன் இருப்பான்ல?" கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தார். "இருப்பான்" என்றார். "அது தூக்கம் வராத கணக்கு. ஆனா எவன்னு எனக்குத் தெரியாதுடா. தெரியிற மாதிரி போலீஸ் காகிதம் எழுதியிருந்தா அவன் வெளிய வந்திருக்கமாட்டான்."

1999 மே 11 அன்றும் செய்தி மேசையில் நான் இருந்தேன். தூக்கு உறுதி என்பதைத்தான் கொட்டை எழுத்தில் போட்டோம். விடுதலையான 19 பேர் இரண்டாம் வரியில், சின்ன எழுத்தில். 'எல்லாரும் வரவில்லை' என்றால் சிலர் வந்தார்கள் என்றும் பொருள் உண்டு. இல்லை என்ற சொல் வந்து சேர்ந்ததும் முற்றும்மையும் விரிசல் விடும். தமிழ் தெரிந்தவன் என்று சம்பளம் வாங்கியவன் நான். அந்த ஒரு 'இல்லை'யைச் சேர்க்க டெல்லியில் ஒரு வக்கீல் எழுந்து நிற்க வேண்டியிருந்தது.