தேறலும் தேர்ச்சியும்

மது அருந்தாத பண்டிதன் வைனின் சுவை குறித்துப் பேசலாமோ என வினவுவார் உளர். யான் ஈண்டுக் கூறப் புகுந்தது சுவை தேரும் முறையைப் பற்றியே.

அவுஸ்திரேலியாவிலே, அடிலெயிட் நகரை அடுத்த மகில் என்னுமிடத்தில், பென்போல்ட்ஸ் நிறுவனத்தாருக்கு வைன் ஆக்கியவர் மக்ஸ் ஷூபேர்ட். 1950 இல் பிரான்சின் போர்தோ சென்று, நெடுங்காலம் பேணத்தக்க வைனின் பக்குவத்தைக் கண்டு மீண்டார். 1951 இல் ஷிராஸ் என்னும் கருந்திராட்சையிலிருந்து ‘கிரேஞ்’ வைனை முதன்முதல் ஆக்கினார். சுவைத்துப் பார்த்தோர் பலர் இகழ்ந்தனர். 1957 இல் அதனை நிறுத்துமாறு நிறுவனத்தார் பணித்தனர். அவரோ மறைவிலே தொடர்ந்தார். ஆண்டுகள் செல்லத் துவர்ப்பு அடங்கிற்று, மணம் விரிந்தது. 1960 இல் தடை நீங்கிற்று. 1955 ஆம் ஆண்டுக் கிரேஞ் 1962 இல் சிட்னிப் போட்டியிலே தங்கப் பதக்கம் பெற்றது.

இகழ்ந்தோர் நாவிற் குறையில்லை. அவர் கண்ட துவர்ப்பும் மெய்யே. இன்றைய சுவையைக் கொண்டு நாளைய சுவைக்குந் தீர்ப்பு வழங்கியதே குறை. வைன் தேர்வோர் நிறம் நோக்கி, மணம் நுகர்ந்து, பின்னரே நாவில் வைப்பர். இம்மூன்றோடு பொறுத்தலும் வேண்டும். தெளிந்த மதுவைத் ‘தேறல்’ என்றனர் நம் முன்னோர். தெளிவதற்குக் காலம் வேண்டுமன்றோ?

துவர்ப்பனவெல்லாம் பின்னர் இனிக்கும் என்று யான் கூறேன். புளித்துப் போவனவும் பல. ஆயினும், இளங்கவிஞர் ஒருவரின் முதல் நூலைக் கையிலெடுக்கும் ஆசிரியரும் மாணாக்கரும், துவர்த்தால் துவர்க்கிறது என்றே அஞ்சாது உரைக்க. ‘இவன் தேறான்’ என்று உரைக்குமுன் சில ஆண்டு பொறுக்க.