முதல் வருஷமே காதைப் பாருங்கள்!

(மூன்றாம் ஆண்டு, எலக்ட்ரானிக்ஸ்)



பல்லு சொத்தையானால் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம். கண்ணு சிவந்தால் பக்கத்து பெஞ்ச்காரன் சொல்லிவிடுவான். காதுக்குள்ளே என்ன நடக்கிறது என்பது மட்டும் காதுக்குச் சொந்தக்காரனுக்கே தெரியாது. அதனால்தான் சின்ன வயசில் இருந்து சீழ் வடிகிற காதோடு பத்தாவது முடித்து, பாலிடெக்னிக்கும் முடித்து, கடைசியில் கம்பெனி மெடிக்கலில் போய் மாட்டிக்கொள்கிறோம்.

போன வருஷம் எங்கள் சீனியர் ஒருவருக்கு நடந்தது இதுதான். எழுத்துத் தேர்வு பாஸ், இன்டர்வியூ பாஸ். நம் பக்கத்து பெரிய கம்பெனி ஒன்றின் மெடிக்கலில், இடது காது செவிப்பறையில் ஓட்டை என்று எழுதித் தள்ளி வைத்துவிட்டார்கள். அவருக்கே அன்றைக்குத்தான் தெரியும்! சரி பண்ணிக்கொண்டு வா என்றார்கள். சரி பண்ணி வருவதற்குள் அந்த வருஷத்து ஆள் எடுப்பு முடிந்துபோச்சு.

அதனால்தான் இந்த மலரில் ஒன்று கேட்கிறேன். வீடியோ ஓட்டோஸ்கோப் என்கிற, காதுக்குள் பார்க்கும் காமிராக் கருவி ஒன்றை நம் பாலிடெக்னிக்கில் வாங்கி வைக்க வேண்டும். முதல் வருஷம் சேருகிற எல்லாருடைய செவிப்பறையையும் அதில் படம் எடுத்து இ.என்.டி. டாக்டரிடம் காட்ட வேண்டும். கம்பெனிக்காரனுக்குத் தெரிவதற்கு முன்னால் நமக்குத் தெரிந்தாக வேண்டும்.

செவிப்பறை என்று பேர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. ஊரில் பறை அடிக்கிற அண்ணன்மாரைக் கேளுங்கள். தோல் தொய்ந்தால் தீயில் காய்ச்சி இழுத்துப் பிடிக்கலாம். கிழிந்தால் எவ்வளவு காய்ச்சினாலும் ஓசை வராது. காதில் இருக்கிற பறை சுமார் 9 மில்லிமீட்டர் அகலம், 0.1 மில்லிமீட்டர் கனம். நம் மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இது ஹைட்ராலிக் கணக்குத்தான். ஒலியில் அதிர்கிற செவிப்பறையின் பரப்பு சுமார் 55 சதுர மில்லிமீட்டர். அந்த அதிர்வு மூணு சின்ன எலும்பு வழியாகப் போய், கடைசி எலும்பின் 3.2 சதுர மில்லிமீட்டர் பாதத்தில் இறங்குகிறது. வகுத்துப் பாருங்கள், அழுத்தம் 17 மடங்கு! ஓட்டை விழுந்தால் ஒலி பறையின் இரண்டு பக்கமும் புகுந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் என்றால் பறை எப்படி அதிரும்? ஓட்டை பெரிசாக ஆக கேட்பது குறையும்.

ஓட்டை எப்படி விழுகிறது? பெரும்பாலும் சின்ன வயசில் சளி பிடித்து, நடுக்காதில் சீழ் கட்டி, பறையை உடைத்துக்கொண்டு வருவதுதான். அது இல்லாமல் ஹேர்பின், தீக்குச்சி, பைக் சாவி. அப்புறம் கன்னத்தில் விடுகிற அறை. உள்ளங்கை காதை மூடியபடி விழுந்தால் உள்ளே அடைபட்ட காற்றே பறையைக் கிழித்துவிடும். ராகிங்குக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1997-லேயே சட்டம் வந்தாச்சு. ஆனாலும் "சும்மா விளையாட்டுக்கு" என்று அறைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் கிராமத்துப் பிள்ளைகளைப் பரிசோதித்து 1999-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நூற்றுக்கு 6 பிள்ளைகளுக்கு இந்த நாள்பட்ட சீழ்க்காது இருந்தது. நூற்றுக்கு 4-ஐத் தாண்டினாலே உடனே கவனிக்க வேண்டிய பெரிய பிரச்சினை என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலம் மாறியிருக்கலாம், நாமும் பிள்ளைகள் இல்லை. ஆனாலும் அந்தக் கணக்கை நம் 60 பேர் வகுப்பில் போட்டால் மூணு நாலு பேர் வருகிறார்கள். நம்மில் பாதிக்கு மேல் கிராமத்தில் இருந்து வந்தவர்கள்தானே?

எங்கள் வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். அதனால் சொந்தத்தில் யார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சீட்டைப் படிக்க நான்தான் துணை. என் தாய்மாமா ஒரு பிரஸ் ஷாப்பில் ஒப்பந்தத் தொழிலாளி. வலது காதில் பல வருஷமாகச் சீழ். தேங்காய் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவார். மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து கேட்பார், அவர்களும் கொடுப்பார்கள். டாக்டரிடம் போன இரண்டு தடவையும், டாக்டர் ஒற்றைக் கண்ணை வைத்துக் கருவியில் பார்த்து, "பறையில் ஓட்டை இருக்கு, தண்ணி படாம பாத்துக்கோங்க" என்றார். மாமா நம்பவில்லை. "காசு புடுங்கறதுக்குச் சொல்றாங்கடா. ஓட்டை இருந்தா ஊத்துற எண்ணெய் தொண்டைக்கு வராதா?" என்பார்.

போன வருஷம் வேறொரு ஆஸ்பத்திரியில் வீடியோவில் காட்டினார்கள். டி.வி. பெட்டி மாதிரி திரையில் மாமாவின் காது. வழியெல்லாம் மஞ்சள் அழுக்கு, கடைசியில் வெளிறிப்போன பறை, நடுவில் மொச்சைக்கொட்டை வடிவத்தில் கறுப்பாக ஒரு ஓட்டை. மாமா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "மாப்ளே, இது என் காதுதானா?" என்றார். டாக்டரம்மா சிரிக்காமல், "உங்க காதுதாங்க ஐயா, நீங்க எச்சில் முழுங்குங்க, அசையுறதைப் பாருங்க" என்றார். அன்றைக்கோடு எண்ணெய் நின்றது. ஏழு வருஷம் வாய்ச்சொல் செய்யாததை ஒரு நிமிஷப் படம் செய்தது.

இதுதான் அந்தக் கருவியின் முதல் பெருமை என்று நான் நினைக்கிறேன். பழைய ஓட்டோஸ்கோப்பில் பார்ப்பது டாக்டர் மட்டும். நாம் வெறும் காது. வீடியோவில் இரண்டு பேரும் ஒரே படத்தைப் பார்க்கிறோம். படம் சேமிப்பில் இருக்கிறது. அறை வாங்கிக் கிழிந்த பறை பெரும்பாலும் இரண்டு மூணு மாசத்தில் தானாகவே மூடிக்கொள்ளும். மூடியதா இல்லையா என்று பழைய படத்தோடு ஒப்பிடலாம். ஓட்டை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். நடுவில் என்றால் ஆபத்து குறைவு. மேல் ஓரத்தில் என்றால் உள்ளே எலும்பை அரிக்கிற நோய் இருக்கக்கூடும், தாமதிக்கக் கூடாது. சொட்டு மருந்து விஷயமும் இருக்கிறது. ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகள் ஓட்டை வழியாக உள்ளே போனால் உள்காதையே கெடுக்கலாம். ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் சொட்டு மருந்து விடுவது, மெயினை ஆஃப் பண்ணாமல் பியூஸ் மாற்றுகிற வேலை.

கருவியிலும் குறை உண்டு, மறைக்கவில்லை. குரும்பி அடைத்திருந்தால் ஒன்றும் தெரியாது. முதலில் டாக்டர் அதை எடுக்க வேண்டும். காதுவழி வளைந்திருப்பதால் பறையின் முன்பக்கம் மறைந்துபோகலாம். ஆறி மெலிந்த இடம் தட்டைப் படத்தில் ஓட்டை மாதிரியே ஏமாற்றும். அதற்குத்தான் மூக்கைப் பிடித்து, வாயை மூடி மெதுவாக ஊதச் சொல்லி வீடியோ எடுக்கிறார்கள். மெல்லிய தோல் என்றால் உப்பும். இன்னும் சந்தேகம் என்றால் டிம்பனோமீட்டர் இருக்கிறது. எவ்வளவு கேட்கிறது என்பதை ஆடியோகிராம்தான் சொல்லும், படம் சொல்லாது.

ஆன்லைனில் ஆயிரம், ரெண்டாயிரத்துக்குக் குரும்பி எடுக்கும் கரண்டியோடு காமிரா விற்கிறார்கள். ஹாஸ்டலில் ஒருத்தர் காதை ஒருத்தர் தோண்டுகிற திருவிழா வேண்டவே வேண்டாம்! காதுவழி மொத்தமே இரண்டரை சென்டிமீட்டர். கொஞ்சம் கை தவறினால் இல்லாத ஓட்டையை நாமே போட்டுவிடுவோம். நான் கேட்பது டாக்டர்கள் பயன்படுத்தும் கருவி, பயிற்சி எடுத்த நர்ஸ் கையில்.

நர்ஸ் படம் எடுத்து, டாக்டர் வேறு இடத்தில் இருந்து பார்ப்பது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். அலாஸ்காவில், ரோடு கூட இல்லாத பனிக் கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் காதைப் படம் எடுத்து அனுப்ப, நகரத்து டாக்டர் பார்க்கிறார். அவ்வளவு தூரம் போவானேன்? 2013-ல் மெட்ரானிக் கம்பெனி டெல்லியில் தொடங்கிய ஷ்ருதி திட்டத்தில், காமிரா போனோடு ஓட்டோஸ்கோப்பை இணைத்த என்ட்ராவியூ என்ற கருவியைப் பணியாளர்கள் கையில் கொடுத்து ஏழைக் குடியிருப்புகளுக்கு அனுப்பினார்கள். காது கேளாமையைத் தடுக்க மத்திய அரசு 2007-லேயே 25 மாவட்டங்களில் தேசியத் திட்டம் தொடங்கியது. நமக்கோ காஞ்சிபுரத்தில் அரசு தலைமை ஆஸ்பத்திரி, தண்டலத்திலேயே ஒரு மருத்துவக் கல்லூரி. கருவி என்ன? ஒரு எல்.இ.டி., ஒரு லென்ஸ், ஒரு சென்சார், ஒரு ஒயர். நோக்கியா 2006-ல் வந்து 2014-ல் மூடிப்போனதையும் பார்த்த, இன்றைக்கு ஃபாக்ஸ்கானில் ஐபோன் கோர்க்கிற ஸ்ரீபெரும்புதூர் இது. உலகத்துக்கே காமிரா போன் அனுப்புகிற ஊரில், ஊர்க்காரன் காதைப் பார்க்க ஒரு காமிரா கிடையாதா?

முதல் வருஷம் என்று ஏன் பிடிவாதம்? முதலில் காது காய வேண்டும், மருந்துக்கே சில வாரம் ஆகும். அப்புறம் ஆபரேஷன். காதுக்கு மேலே தசையை மூடியிருக்கும் மெல்லிய சவ்வை எடுத்து ஓட்டையில் ஒட்டுப் போடுகிறார்கள்; பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். அரசு ஆஸ்பத்திரியில் காசு இல்லை. ஆறுவதற்கு இரண்டு மூணு மாசம். முதல் வருஷம் தெரிந்தால் கோடை லீவில் முடிக்கலாம். ஆறாவது செமஸ்டரில் தெரிந்தால் என்ன செய்வது? பிரஸ் ஷாப்புக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு சங்கடம்: சீழ் வடிகிற காதில் இயர் பிளக் சொருக முடியாது. மாமா அப்படித்தான் இத்தனை வருஷம் வெறுங்காதோடு நின்றார். ஓட்டையை ஒட்டலாம், இரைச்சலில் செத்த உள்காது நரம்பை ஒட்ட முடியாது.

ஒரு நிபந்தனை மட்டும் கறாராக இருக்க வேண்டும். எடுத்த படம் மாணவருக்கும் டாக்டருக்கும் மட்டும். ஆபீசுக்கோ, பிளேஸ்மென்ட் செல்லுக்கோ, எந்தக் கம்பெனிக்கோ போகக் கூடாது. வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றக் கூடாது. இது எழுத்தில் இல்லாவிட்டால் யாரும் காதைக் காட்ட வரமாட்டார்கள், வரவும் வேண்டாம்.

வரும் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர எழுதி வைத்திருக்கிறேன். மாணவர் சங்க நிதியில் ஒரு பங்கு, நிர்வாகம் ஒரு பங்கு, முன்னாள் மாணவர்கள் ஒரு பங்கு என்று பிரித்தால் கருவி வாங்கிவிடலாம். வழிமொழிய ஒருத்தர் வேண்டும், முதல் வருஷத் தோழியாகவோ தோழராகவோ இருந்தால் ரொம்ப நல்லது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எலக்ட்ரானிக்ஸ் லேப் வராந்தாவில் இருப்பேன்.