பசி ருசி அறியாதா?

"பசி ருசி அறியாது" என்பது பழமொழி. ஆனால் ஆட்டிசம் (மதியிறுக்கம்) உள்ள குழந்தைகள் பலருக்கு இந்தப் பழமொழி பொருந்தாது. அவர்களுக்குப் பசியைவிட ருசி பெரிது. வாசனை, நிறம், சூடு, வாயில் வைத்தால் கொழகொழ என்று இருக்கிறதா மொறுமொறு என்று இருக்கிறதா என்பது வரை எல்லாமே பெரிது!

ஓசூர் சிப்காட்டைச் சுற்றி அப்பா ஒரு ஷிப்டு, அம்மா ஒரு ஷிப்டு என்று ஓடும் குடும்பங்கள் ஏராளம். தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி எல்லாம் கேட்கும் ஊர். ஆனால் சாப்பிடாத பிள்ளைக்கு எல்லா மொழியிலும் சொல்லப்படும் வைத்தியம் ஒன்றுதான். "ரெண்டு வேளை பட்டினி போடு, தானா சாப்பிடும்." கூடவே தாய்க்கு ஒரு பட்டம்: "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டா." வேலைக்குப் போகும் தாய் என்றால் கேட்கவே வேண்டாம்.

1943-ல் லியோ கானர் ஆட்டிசம் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலேயே சாப்பாட்டுச் சிக்கல் இடம்பெற்றிருக்கிறது. 2019-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் 70 சதவீதம் பேரிடம் வழக்கத்துக்கு மாறான உணவுப் பழக்கம் காணப்பட்டது. மற்ற குழந்தைகளில் அது 5 சதவீதம்தான். இத்தனை வீடுகளிலும் தாய்மார்கள் செல்லம் கொடுத்துத்தான் கெடுத்தார்களா?

இந்தக் குழந்தைகளுக்கு பிஸ்கட் ஏன் பிடிக்கிறது என்று யோசித்தால் விஷயம் புரியும். வீட்டுக் குழம்பு ஒரு நாள் தண்ணியாக இருக்கும், மறுநாள் கெட்டியாக இருக்கும். பிஸ்கட் என்றைக்கும் ஒரே மாதிரி. ஒரே நிறம், ஒரே சத்தம். ஒவ்வொரு உதிரிப் பாகமும் அச்சு மாறாமல் வர வேண்டும் என்று தொழிற்சாலையில் பாடுபடும் அப்பாவுக்கு இது புரியாதா என்ன? அவருடைய பிள்ளையும் அதைத்தான் தட்டில் எதிர்பார்க்கிறது.

சிக்கல் என்னவென்றால், இந்தக் குறை வெளியே தெரிவதில்லை. 2013-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சாப்பிடும் உணவில் கால்சியமும் புரதமும் குறைவாக இருந்தன. ஆனால் உடல் வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது எடை பார்க்கும் மெஷின் "சரி" என்று சொல்லிவிடும்! பழமும் காய்கறியும் தொடாததால் ஸ்கர்வி நோய் வந்து, கால் வலியில் நடக்க மறுத்த ஆட்டிசம் குழந்தைகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. மாம்பழத்துக்குப் பெயர் போன கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எந்தக் குழந்தைக்கும் அந்த நிலை வரக்கூடாது. அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழு எடையோடு நிறுத்தாமல், "என்னென்ன சாப்பிடுகிறான்?" என்ற ஒரு கேள்வியையும் கேட்க வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்? குழந்தை ஏற்கெனவே சாப்பிடுவதிலிருந்து தொடங்க வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அரிசியில் 10 கூடத் தேறாது. ஆனால் களி கருப்பாக, ஒட்டிக்கொள்ளும் பதத்தில் இருக்கும். மொறுமொறுப்பு மட்டுமே பிடிக்கும் குழந்தை அதைத் துப்பத்தான் செய்யும். அதே மாவில் முறுக்கோ, முறுகலான தோசையோ செய்து ஒரு சின்னத் துண்டை பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் வைக்கலாம். முதல் நாள் தொடாது. பத்தாவது நாள் முகர்ந்து பார்க்கலாம். அதுவே வெற்றிதான்!

தயிர்சாதத்தில் காய்கறியை ஒளித்து ஊட்டுவது வேண்டாம். கண்டுபிடித்துவிட்டால் தயிர்சாதமும் போய்விடும். பாலையும் கோதுமையையும் நிறுத்தினால் ஆட்டிசம் சரியாகும் என்ற பேச்சுக்கும் வலுவான ஆதாரம் இல்லை. நாலே உணவு சாப்பிடும் குழந்தையிடமிருந்து இரண்டைப் பிடுங்குவது நியாயமா? எதையும் நிறுத்தும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் ஓசூரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். ஆனால் தினக்கூலிக் குடும்பத்துக்கு ஒவ்வொரு முறை போய் வருவதும் ஒரு நாள் சம்பளம். எனவே ஊரிலேயே முடிகிறதைச் செய்ய வேண்டும். சத்துணவு நேரத்தில் தட்டுச் சத்தமும் முட்டை வாசனையும் தாங்காத பிள்ளையைச் சற்றுத் தள்ளி அமர வைத்து, வீட்டு டப்பாவைச் சாப்பிட விடுவதற்கு அரசாணை தேவையில்லை. ஆசிரியரின் மனசு போதும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் ஏற்றுக்கொண்டுவிட்டது. பக்கத்து வீடு எப்போது ஏற்றுக்கொள்ளும்? சாப்பிடாத பிள்ளையைப் பார்த்தால் தாய்க்குப் புத்தி சொல்லும் முன், அந்தப் பிள்ளை எதைச் சாப்பிடும் என்று கேட்டுப் பார்ப்போம். உதவி அங்கிருந்துதான் தொடங்கும்.