தானம் தந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?

 

கொஞ்சம் நீண்ட பதிவு. தீவகத்துப் பாடசாலைகளில் பிள்ளைகள் படிக்கிற பெற்றோர், பழைய மாணவர்கள், சங்கங்களில் பொறுப்பில் இருக்கிறவர்கள் கடைசிவரை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கொழும்பில் இருந்து ஒரு கம்பனி வருகிற மாதம் எங்கள் பாடசாலைக்கு வர விரும்புகிறது. நாற்பது ஊழியர்கள் வருவார்களாம். புத்தகப்பை, கொப்பி, சப்பாத்து கொடுப்பார்கள், சுவருக்கு வர்ணம் பூசுவார்கள், கடற்கரையைத் துப்பரவு செய்வார்கள். கம்பனியின் பெயரைச் சொல்லவில்லை. அது நல்லதா கெட்டதா என்பது என் பேச்சும் இல்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதுபற்றிக் கதை வந்தபோது நான் சில கேள்விகள் கேட்டேன். உடனே ஒரு ஐயா சொன்னார்: "தம்பி, தானம் தந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாது."

ஐயாவில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் என் கருத்து வேறு. பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். தந்தவர் பின்னேரப் படகில் போய்விடுவார். அதற்குப் பிறகு அந்த மாட்டுக்கு வைக்கோல் போடப்போவது நாங்கள்தான்.

தீவுக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலைக்குக் கொடுக்கிற அதே பொருள் இங்கே அதேமாதிரி நிலைக்காது. எங்கள் காற்றில் உப்பு இருக்கிறது. இரும்புக் கதிரையும் அலுமாரியும் சீக்கிரமே துருப்பிடிக்கும், கணினியின் உள்ளே பச்சை பிடிக்கும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை தேசிய மின் கட்டமைப்போடு இணைக்கப்படாமல் டீசல் மின்பிறப்பாக்கியில் ஓடிய தீவுகள். கிணற்றுத் தண்ணீர் பல இடத்தில் சவர். ஆகவே தண்ணீர் வடிகட்டும் இயந்திரம் கொடுத்தால் அதன் வடிகட்டியை அடிக்கடி மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு ஆள் குறிகட்டுவான் வந்து, படகேறி வர வேண்டும். சோளகம் தொடங்கிவிட்டால் அந்த ஆள் வரமாட்டார்.

இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். நான் முன்பு படிப்பித்த ஒரு பாடசாலைக்கு ஒரு நிறுவனம் வடிகட்டி பொருத்தித் தந்தது. நாடா வெட்டினார்கள், படம் எடுத்தார்கள், பெயர்ப் பலகை வைத்தார்கள். ஒரு வருடம் நன்றாக ஓடியது. பிறகு நின்றது. திருத்துகிற செலவை யார் கொடுப்பது என்று ஒரு கடதாசியிலும் எழுதவில்லை. நிறுவனத்தில் அந்த வேலைக்குப் பொறுப்பாக இருந்தவர் வேறு இடத்துக்கு மாறிவிட்டார். இயந்திரம் இன்னும் அங்கே நிற்கிறது. பிள்ளைகள் வீட்டில் இருந்து போத்தலில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள்.

பெரிய அளவில் இதையே காட்டுவதென்றால் நெடுந்தாரகையைப் பாருங்கள். கம்பனி கொடுத்ததல்ல, 2017 இல் ஆஸ்திரேலிய நிதியுதவியில் நெடுந்தீவுக்கென்றே வந்த பயணிகள் படகு. அதைத் தந்தவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் படகு வந்தால் டீசல் வேண்டும், ஓட்டுநர் வேண்டும், திருத்த வேலைக்குக் காசு வேண்டும். அது பழுதுபார்ப்புக்கு நின்ற காலங்களில் ஜெட்டியில் காத்துக்கொண்டு நின்ற சனத்துக்கு நான் சொல்லாமலே விளங்கும். ஒரு பொருளைக் கொடுப்பது செலவின் முதல் பாதி. மற்றப் பாதியை யார் கட்டுவது என்று முதலே கேட்பது நன்றி கெட்டதனம் ஆகாது.

இனி தொண்டு செய்ய வருகிற ஊழியர்களைப் பற்றி.

அவர்கள் வருவதை நான் கேவலமாகப் பார்க்கவில்லை. தெற்கில் வேலை செய்கிற ஒரு சிங்களப் பிள்ளை யாத்திரைக்கு மட்டும் நாகதீபத்துக்கு வந்திருப்பாள். எங்கள் வகுப்பறையில் இருந்து எங்கள் பிள்ளையோடு அரைகுறைத் தமிழில் கதைப்பது அவளுக்கும் நல்லது, எங்கள் பிள்ளைக்கும் நல்லது. முப்பது வருடம் ஒருவரை ஒருவர் காணாமல் வளர்ந்த நாட்டில் அதற்கும் ஒரு விலை உண்டு.

ஆனால் ஒரு சின்னக் கணக்கு. நாற்பது பேர், ஒரு நாள், எட்டு மணித்தியாலம் என்று வையுங்கள். மொத்தம் 320 மணித்தியாலம். அதில் படகுக்கும் சாப்பாட்டுக்கும் படம் எடுக்கிறதுக்கும் போக எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே பாருங்கள். கடைசிப் படகைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரமும் இருக்கிறது. இதே 320 மணித்தியாலத்தை வேறு விதமாகப் பிரித்தால், எட்டுப் பேர் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் வீதம் நாற்பது கிழமை கொடுக்கலாம். அது கிட்டத்தட்ட ஒரு முழுப் பாடசாலை வருடம். எட்டுப் பிள்ளைகளுக்கு, அல்லது எட்டுச் சிறு குழுக்களுக்கு, ஆங்கிலமோ கணிதமோ விஞ்ஞானமோ தொலைபேசியிலும் இணையத்திலும் சொல்லிக்கொடுக்கலாம். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னால் ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் ஆசிரியர் இல்லாமல் இருந்து பார்த்த பாடசாலைகளுக்கு அதன் அருமை தெரியும். சுவருக்கு வர்ணம் பூச எங்கள் ஊரிலேயே மேசன் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கூலி அவர்களுக்குப் போனால் அதுவும் ஒரு உதவிதான்.

கம்பனியில் வேலை செய்கிறவரிடம் உள்ள பெறுமதி அவருடைய தொழில்தான். கணக்காளர் ஒருவர் வந்தால் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தை ஒழுங்காக்கித் தரலாம். சட்டப் பிரிவில் இருப்பவர் காணி உறுதி தொலைத்த விதவைப் பெண்ணுக்கு விண்ணப்பம் எழுதித் தரலாம். குளிர்சாதனம் திருத்தத் தெரிந்தவர் மீன் வைக்கிற பெட்டியைப் பார்க்கலாம். இவர்களுக்கு வர்ணத் தூரிகையைக் கொடுத்து அனுப்புவது வீண்.

இந்தியாவில் இதற்கு ஒரு சட்டமே இருக்கிறது. 2013 ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டம், 135 ஆம் பிரிவு, 2014 ஏப்ரலில் இருந்து நடைமுறையில் உள்ளது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கம்பனிகள் கடந்த மூன்று வருட சராசரி இலாபத்தில் 2 வீதத்தைச் சமூக வேலைக்குச் செலவழிக்க வேண்டும். சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்படுகிற செலவை அதில் சேர்க்க முடியாது. ஊழியர் தொண்டு செய்த நேரத்தைக் காசாக மாற்றிக் கணக்குக் காட்டவும் முடியாது. அதேநேரம் கம்பனி இயங்குகிற பகுதிக்கு முன்னுரிமை கொடுக்கும்படியும் சட்டம் சொல்கிறது. அதனால் தொழிற்சாலை உள்ள மாநிலங்களுக்கு அதிகமும், இல்லாத பின்தங்கிய மாவட்டங்களுக்குக் குறைவும் போகிறது என்று அங்கே பெரிய விவாதம்.

இலங்கையில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. எங்கள் தீவுகளில் தலைமையகம் வைத்த கம்பனியும் இல்லை, தொழிற்சாலையும் இல்லை. ஆகவே யாராவது விரும்பி வந்தால்தான் உண்டு. அப்படி இருக்கும்போது வருகிறவர்களிடம் நிபந்தனை பேசினால் வராமல் விட்டுவிடுவார்களே என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் எங்களிடம் தெளிவான திட்டம் இருந்தால் நல்ல கம்பனிகள் ஓடாது, நெருங்கி வரும் என்பதே என் நம்பிக்கை. அவர்களுக்கும் வருட முடிவில் ஒரு அறிக்கை எழுத வேண்டும். "300 பை கொடுத்தோம்" என்பதை விட "மூன்று வருடத்தில் இத்தனை பிள்ளைகள் கணிதத்தில் சித்தியடைந்தார்கள்" என்று எழுத அவர்களுக்கும் விருப்பம் இருக்கும்.

நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. ஹேமாஸ் நிறுவனம் 2002 இல் தொடங்கிய பியவர பாலர் பாடசாலைத் திட்டம் அரசாங்கத்தின் சிறுவர் செயலகத்தோடு சேர்ந்து நடக்கிறது. கட்டடத்தோடு நிற்காமல் ஆசிரியர் பயிற்சியும் அதில் உண்டு. எங்கள் சமூகத்தில் நளீம் ஹாஜியாரை எல்லோருக்கும் தெரியும். மாணிக்கக்கல் வியாபாரத்தில் உழைத்தவர். 1973 இல் பேருவளையில் ஜாமிஆ நளீமிய்யாவைத் தொடக்கினார். அவர் மறைந்த பிறகும் அது நடக்கிறது. ஸதகத்துல் ஜாரியா என்று நாங்கள் சொல்வது இதைத்தான்: கொடுத்தவர் போன பிறகும் ஓடிக்கொண்டிருக்கிற தர்மம்.

தூரம் போகவும் தேவையில்லை. கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் உள்ள நயினாதீவிலேயே பாருங்கள். அமுதசுரபி அன்னதான சபை, வருகிற அடியார்களுக்குச் சோறு போடுகிறது. நான் முஸ்லிம், ஆனால் ஒரு தர்மத்தை எப்படி நடத்துவது என்று கேட்டால் முதலில் அதைத்தான் காட்டுவேன். கொடுக்கிறவர் லண்டனில் இருக்கலாம், கனடாவில் இருக்கலாம், கொழும்பில் கடை வைத்திருக்கலாம். பானையையும் அடுப்பையும் பந்தியையும் பார்ப்பது அங்கே இருக்கிற சபை. கொடுப்பவர் வருகிறார், போகிறார். சபை இருக்கிறது.

இந்த இடத்தில் எங்களையும் பார்க்க வேண்டும். கம்பனிகள் ஒரு நாள் நிகழ்ச்சியோடு போவதற்குப் பாதிக் காரணம் நாங்கள். எங்கள் சங்கங்கள் எத்தனை வருடாந்தப் பொதுக்கூட்டத்தை ஒழுங்காக வைக்கின்றன? எத்தனை கணக்குகள் பரிசோதிக்கப்பட்டவை? கேட்டால் "அவர் எங்கட ஆள், கணக்குப் பிழைக்காது" என்பார்கள். எங்கட ஆள் என்பதற்காக எந்தக் கம்பனியும் மூன்று வருடக் காசைத் தரப்போவதில்லை. பள்ளிவாசல் நிர்வாகம், கோவில் தர்மகர்த்தா சபை, சனசமூக நிலையம், மாதர் சங்கம், பழைய மாணவர் சங்கம் எல்லாவற்றுக்கும் இதைத்தான் சொல்கிறேன். ஒரே பிள்ளைக்கு மூன்று சங்கம் மூன்று பை கொடுக்கிறது. பக்கத்துத் தீவில் ஒரு பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. காரணம், பக்கத்து வீட்டில் என்ன கொடுத்தார்கள் என்று நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்பதில்லை.

இன்னொரு விஷயம், படம். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு வெளியேற இரண்டு மணித்தியாலம்தான் கொடுத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் குடும்பங்களில் ஒன்றில் பிறந்து புத்தளத்து முகாமில் வளர்ந்தவன் நான். அங்கே வரிசையில் நின்று பொருள் வாங்கியிருக்கிறேன். என்ன வாங்கினேன் என்பது மறந்துவிட்டது. கொடுக்கிறவர் கமெராவைப் பார்த்துச் சிரிக்கும்வரை சாமானை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது மறக்கவில்லை. கொடுத்ததைச் சொல்லிக்காட்டினால் தர்மம் அழிந்துவிடும் என்று எங்களுக்கு ஓதிக்கொடுத்திருக்கிறார்கள். திருவள்ளுவரைப் படித்தவர்களுக்கும் இது புதிது அல்ல. பிள்ளையின் முகம் தெரியாமல் படம் எடுக்கலாம். திருத்திய கூரையைப் படம் எடுக்கலாம், அறிக்கைக்கு அது போதும்.

ஆகவே வருகிற கூட்டத்தில் நான் வைக்கப்போகிற யோசனைகள் இவை. சேர்க்க இருந்தால் சேருங்கள், பிழை இருந்தால் சொல்லுங்கள்.

ஒன்று. ஒவ்வொரு வருடமும் தொடக்கத்தில் பாடசாலைகளும் சங்கங்களும் தீவகக் கல்வி வலயத்தோடும் பிரதேச செயலகத்தோடும் இருந்து ஒரே தேவைப் பட்டியல் தயாரிப்போம். யார் வந்தாலும் அந்தப் பட்டியலைத்தான் கொடுப்பது.

இரண்டு. இயந்திரம், கணினி, தண்ணீர்த் திட்டம் எதுவானாலும் குறைந்தது மூன்று வருடப் பராமரிப்புச் செலவையும் சேர்த்து எழுத்தில் பேசுவது. அது முடியாது என்றால் சிறிய பொருளாகக் கேட்பது.

மூன்று. ஊழியர் தொண்டு என்று வந்தால் ஒரு நாள் வருகையை ஆரம்பமாக வைத்து, வருடம் முழுக்கத் தொடரக்கூடிய எட்டுப் பேரின் பெயரைக் கேட்பது.

நான்கு. பாட நேரத்தில் வரவேற்பு விழா வேண்டாம். மாலை போடவும் நடனம் ஆடவும் பிள்ளைகளை வெயிலில் நிறுத்துவதை நாங்களே நிறுத்துவோம். இதைக் கம்பனி கேட்பதில்லை, நாங்கள்தான் செய்கிறோம்.

ஐந்து. வாங்கிய ஒவ்வொரு சதத்தின் கணக்கையும் வருட முடிவில் பாடசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டுவது. கொடுத்தவருக்கும் ஒரு பிரதி அனுப்புவது.

இதெல்லாம் பெரிய கதை, வாத்தியார் சும்மா பேசுகிறார் என்று சிலர் நினைக்கலாம். புங்குடுதீவையும் வேலணையையும் இணைக்கிற பாதையை இன்றும் சனம் வாணர் பாலம் என்றுதான் சொல்கிறது. அந்தப் பாதைக்காக வருடக்கணக்காக அலைந்தவர்களை வைத்து வந்த பெயர் அது. தங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து, அதை விடாமல் கேட்ட ஆட்கள் இந்தத் தீவகத்தில் இருந்திருக்கிறார்கள்.

கம்பனிக்குப் பதில் அனுப்ப வேண்டிய நாள் கிட்ட வருகிறது. வேண்டாம் என்று எழுதச் சொல்லவில்லை. "வாருங்கள், நன்றி, எங்கள் பட்டியல் இது" என்று எழுதச் சொல்கிறேன். சங்க உறுப்பினர்கள் கூட்டத்துக்கு முன்னால் உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். முடியுமானால் கூட்டத்துக்கு நேரே வாருங்கள். ஐயாவும் வருவார், அவரோடு மாட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் கதைக்க இருக்கிறது.