வாக்காளர் பட்டியல் யார் கையில்?

2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் சீர்திருத்தக் கட்சியின் தேசியக் குழு கூடியது. நாட்டின் அரசியலைச் சுத்தம் செய்வோம் என்று புறப்பட்டவர்களின் கூட்டம் அது. கூச்சல், தள்ளுமுள்ளு, கடைசியில் போலீஸ் என்று அது முடிந்தது. பொறுப்பேற்று ஆறு வாரமே ஆகியிருந்த தேசியத் தலைவர் ஜாக் கார்கனை வாக்கெடுப்பு நடத்தி நீக்கினார்கள். முந்தைய நாளே கட்சியின் ஒரே ஆளுநரான மின்னசோட்டாவின் ஜெஸ்ஸி வென்ச்சுரா வெளியேறிவிட்டார். அந்தக் கட்சியின் அதிபர் வேட்பாளராகலாமா என்று சில மாதங்களாக ஆழம் பார்த்துக்கொண்டிருந்த நியூயார்க் தொழிலதிபர் டொனால்டு டிரம்ப், இரண்டு நாள் கழித்துப் போட்டியிலிருந்து விலகினார்.

இதைப் பதவிவெறியின் கதையாகச் சொல்வதுதான் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தலைமைக்கு ஆசைப்படுபவர்கள் இல்லாத கட்சி ஏற்கெனவே செத்த கட்சி. லட்சியக்காரர்கள் தொடங்கும் சிறு கட்சிகளில் தலைமைக்குப் போட்டி வந்தாலே அதை அபசகுனமாகப் பார்க்கிறோம். நல்ல மனிதர் யார் என்று தேடுகிறோம். அந்தப் போட்டியில் யாருக்கு வாக்கு உண்டு, அதை யார் எண்ணுவார்கள், தகராறு வந்தால் யார் தீர்ப்பார்கள் என்று கேட்க மறந்துவிடுகிறோம். சீர்திருத்தக் கட்சியை அழித்தது இந்த மறதிதான்.

1992-இல் டெக்சாஸ் கோடீஸ்வரர் ராஸ் பெரோ எந்தக் கட்சியும் இல்லாமல் அதிபர் தேர்தலில் நின்றார். சொந்தப் பணத்தில் 6 கோடி டாலருக்கு மேல் செலவழித்து, தொலைக்காட்சியில் அரை மணி நேரம் வாங்கி, வரைபட அட்டைகளைக் காட்டி அரசின் பற்றாக்குறையையும் கடனையும் மக்களுக்கு விளக்கினார். 18.9 விழுக்காடு, அதாவது சுமார் 1 கோடியே 97 லட்சம் வாக்குகள் கிடைத்தன. தேர்வாளர் குழுவில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் இரண்டு பெரிய கட்சிகளுக்கும் வெளியே இவ்வளவு பேர் நிற்கிறார்கள் என்பது தெரிந்துவிட்டது. அவர்களுக்காக 1995-இல் அவர் தொடங்கியதுதான் சீர்திருத்தக் கட்சி. நிதிச் சமநிலை, பதவிக்கால வரம்பு, தேர்தல் நிதியில் கட்டுப்பாடு ஆகியவை அதன் கோரிக்கைகள்.

கட்சி தன்னைச் சுற்றியது இல்லை என்றுதான் பெரோ சொல்லிவந்தார். அதை நம்பிய ஒருவர் 1996 ஜூலையில் முன்வந்தார். கொலராடோவில் 12 ஆண்டுகள் ஆளுநராக இருந்த ரிச்சர்ட் லாம் அவர். கட்சியின் அதிபர் வேட்பாளராக விரும்புவதாக அவர் அறிவித்த மறுநாளே பெரோவும் தொலைக்காட்சியில் தோன்றித் தானும் தயார் என்றார். போட்டி நல்லதுதான். ஆனால் போட்டியை நடத்திய அலுவலகமும் அதன் ஊழியர்களும் அவர்களுக்கான சம்பளமும் பெரோவுடையவை. உறுப்பினர் சந்தா கட்டிப் பெயர் பதிந்தவர்கள் என்ற பட்டியலே கிடையாது. கட்சியைப் பதிவுசெய்யக் கோரிய மனுக்களில் கையெழுத்திட்டவர்கள் போன்றோருக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குச்சீட்டுகள் அஞ்சலில் போயின. சீட்டு வரவில்லை என்று லாமின் ஆதரவாளர்கள் புகார் சொன்னார்கள். கடைசியில் வாக்களித்தவர்கள் 50,000-க்கும் குறைவு. பெரோவுக்கு 65, லாமுக்கு 35 விழுக்காடு.

நேர்மையாக எண்ணினாலும் பெரோதான் வென்றிருப்பார் என்றே நினைக்கிறேன். அதனால்தான் இது இன்னும் வருத்தமான சங்கதி. வெல்லப்போகிறவர் விதிகளை வெளியாரிடம் ஒப்படைப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை. தோற்றவர் தன் தோல்வியை நம்பும்படி தோற்பதே உட்கட்சித் தேர்தலின் முதல் பயன். லாமை ஆதரித்தவர்களில் பலருக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. அடுத்த ஆண்டே ஒரு பிரிவினர் போய்த் தனிக் கட்சி தொடங்கினார்கள்.

அந்த நவம்பரில் பெரோவுக்கு 8.4 விழுக்காடு வாக்குகள். முன்பு பெற்றதில் பாதிகூட இல்லை. ஆனால் அமெரிக்கச் சட்டப்படி 5 விழுக்காட்டைத் தாண்டிய கட்சிக்கு அடுத்த அதிபர் தேர்தலில் அரசுக் கருவூலத்திலிருந்து நிதி உண்டு. 2000-ஆம் ஆண்டு வேட்பாளருக்காக 1 கோடியே 26 லட்சம் டாலர் காத்திருந்தது. இதோடு, பல மாநிலங்களில் வாக்குச்சீட்டில் கட்சிக்கு நிலையான இடமும் இருந்தது. புதிய கட்சிகள் ஆயிரக்கணக்கில் கையெழுத்துத் திரட்டி வாங்க வேண்டிய இடம் அது. இவ்வளவு சொத்து இருக்க, உறுப்பினர் பட்டியல் மட்டும் இல்லாத கட்சி, நகைப்பெட்டி உள்ளே இருக்கக் கொல்லைக்கதவைத் திறந்து போட்ட வீடு போன்றது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1998-இல் அமெரிக்க அரசின் வரவு செலவுத் திட்டம், 1969-க்குப் பிறகு முதன்முறையாக உபரி காட்டியது. எந்தக் கவலைக்காகக் கட்சி பிறந்ததோ அந்தக் கவலையே தணிந்துவிட்டது. கொள்கை சூடாக இருக்கும்வரை அது தொண்டர்களைக் கட்டிப்போடும். ஆறியபின் பதவிகளும் நிதியும்தான் பேசுபொருளாக மிஞ்சும். அந்த நேரத்தில்தான் விதிப்புத்தகத்தின் அருமை தெரியும்.

அதே 1998 நவம்பரில் மல்யுத்த வீரராகப் புகழ்பெற்ற வென்ச்சுரா, மின்னசோட்டாவில் இரு பெரிய கட்சி வேட்பாளர்களையும் தோற்கடித்து 37 விழுக்காடு வாக்குகளுடன் ஆளுநரானார். கட்சிக்குள் முதன்முறையாக பெரோவுக்குச் சமமான ஓர் ஆள். 1999 ஜூலையில் டியர்பர்ன் நகரில் நடந்த மாநாட்டில் வென்ச்சுரா ஆதரித்த ஜாக் கார்கன், பெரோ தரப்பு வேட்பாளரை வீழ்த்தித் தேசியத் தலைவரானார். கார்கன் அந்நியர் இல்லை. 1990-இல் பதவியில் இருக்கும் எம்.பி.க்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்புங்கள் என்று சொந்தச் செலவில் பத்திரிகை விளம்பரம் கொடுத்து நாடு முழுக்கப் பேசப்பட்டவர். பெரோவைத் தேர்தலில் நிற்கச் சொல்லி வற்புறுத்தியவர்களில் ஒருவர்.

அவர் முறையாகத்தான் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் 2000 ஜனவரி 1-இல்தான் பதவியேற்க வேண்டும் என்றிருந்ததால், இடைப்பட்ட ஐந்து மாதமும் தோற்ற தரப்பின் கையில் நிர்வாகம் இருந்தது. பிறகு ஆவணங்களையும் கணக்கையும் ஒப்படைப்பதில் தகராறு. மாநாட்டை எந்த ஊரில் நடத்துவது என்பதில் தகராறு. இரு தரப்பும் நீதிமன்றம் போயின. நாஷ்வில் கூட்டத்தில் கார்கனை இறக்கிவிட்டு, 1996-இல் பெரோவின் துணை அதிபர் வேட்பாளராக நின்ற பேட் சோட்டைத் தலைவராக்கினார்கள். அந்த நீக்கம் செல்லும் என்று பின்னர் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் சொன்னார். சட்டம் அதோடு முடிந்தது. ஆனால் மாநாட்டில் தொண்டர்கள் தேர்ந்தெடுத்த தலைவரை ஆறு வாரத்தில் ஒரு குழு வீட்டுக்கு அனுப்ப முடியும் என்றால், அடுத்த மாநாட்டுக்கு எந்தத் தொண்டர் ஊர்விட்டு ஊர் வருவார்?

திறந்த கதவு வழியாக அப்போது உள்ளே வந்திருந்தவர் பேட் புக்கானன். குடியரசுக் கட்சியில் அதிபர் வேட்பாளராக முயன்று தோற்ற பழமைவாதி. 1999 அக்டோபரில் சேர்ந்த அவரை எதிர்த்து நின்றவர் ஜான் ஹேகலின். இயற்பியலாளர், மகரிஷி மகேஷ் யோகியின் ஆழ்நிலைத் தியான இயக்கத்தைச் சேர்ந்தவர், இயற்கை விதிக் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்றவர். சீர்திருத்தக் கட்சியின் முதல் கோரிக்கைகளோடு இருவருக்குமே நெருங்கிய உறவு இல்லை. இம்முறையும் அஞ்சல் வாக்கெடுப்புதான். சீட்டு கேட்டவருக்கெல்லாம் சீட்டு. புக்கானன் தரப்பு தன் பழைய ஆதரவாளர்களின் பெயர்களை மொத்தமாகக் கொடுத்து வாக்குச்சீட்டு வாங்கியது என்று ஹேகலின் தரப்பு குற்றம்சாட்டியது. 1996-இல் பதில் சொல்லாமல் விட்ட கேள்வியே திரும்பி வந்து நின்றது: இந்தக் கட்சிக்காரர் என்றால் யார்?

2000 ஆகஸ்டில் லாங் பீச் நகரில், அடுத்தடுத்த இரண்டு அரங்கங்களில், ஒரே கட்சியின் பெயரில் இரண்டு மாநாடுகள் நடந்தன. இரண்டு அதிபர் வேட்பாளர்கள் அறிவிக்கப்பட்டார்கள். யார் உண்மையான வேட்பாளர் என்பதைக் கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் முடிவுசெய்து புக்கானனுக்குப் பணத்தைக் கொடுத்தது. பெரிய கட்சிகளின் பிடியிலிருந்து அரசியலை மீட்பதாகச் சொன்ன கட்சி, தன் வேட்பாளர் யார் என்பதை, அதே இரு பெரிய கட்சிகளின் ஆட்கள் நிரம்பிய ஆணையத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. நவம்பரில் புக்கானனுக்குக் கிடைத்தது அரை விழுக்காட்டுக்கும் குறைவு. நிறுவனர் பெரோ தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ்ஷை ஆதரிப்பதாகத் தொலைக்காட்சியில் அறிவித்தார். எட்டே ஆண்டுகளில் ஏறக்குறைய 2 கோடி வாக்குகள் சில லட்சங்களாகிவிட்டன.

பட்டியல் சரியாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? பிரிட்டனின் சமூக ஜனநாயகக் கட்சி இங்கே உதவும். தொழிற்கட்சியிலிருந்து பிரிந்த நால்வர் 1981-இல் தொடங்கியது அது. உறுப்பினர் பட்டியலை மையமாகக் கணினியில் வைத்திருந்தார்கள். 1982-இல் தலைவர் பதவிக்கு ராய் ஜென்கின்ஸும் டேவிட் ஓவனும் போட்டியிட்டார்கள். ஆளுக்கொரு அஞ்சல் வாக்கு. ஜென்கின்ஸுக்கு 26,256, ஓவனுக்கு 20,864. அமெரிக்காவில் பெரோவுக்கும் லாமுக்கும் விழுந்த மொத்த வாக்கும் கிட்டத்தட்ட இதே அளவுதான். அங்கே அது அனுப்பிய சீட்டுகளில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. இங்கே உறுப்பினர்களில் பெரும்பகுதி. ஓவன் முடிவை ஏற்றார், மறு ஆண்டு போட்டியின்றித் தலைவருமானார். ஆனால் 1987-இல் லிபரல் கட்சியோடு இணையலாம் என்று உறுப்பினர்கள் வாக்களித்தபோது அவர் ஏற்கவில்லை. தன் பிரிவை அதே பெயரில் தனியே நடத்தினார். 1990-இல் பூட்டில் இடைத்தேர்தலில், வேடிக்கைக்காக நிற்கும் ஒரு கட்சிக்கும் பின்னால் 155 வாக்குகளோடு அந்தப் பிரிவு முடிவுக்கு வந்தது. நல்ல விதிகள் இருந்தும் ஒரு தலைவர் அவற்றை மீறலாம். ஆனால் ஓவன் போனபோது கட்சியின் பெரும்பகுதி அவரோடு போகவில்லை. பெரும்பான்மை எந்தப் பக்கம் என்பது எண்ணிக்கையாகத் தெரிந்திருந்தது. அவர்கள் லிபரல்களோடு சேர்ந்து உருவாக்கிய கட்சி இன்றும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இருக்கிறது.

நிறுவனரின் பக்கத்திலும் நியாயம் உண்டு. பெரோ இல்லாவிட்டால் அந்தக் கட்சியே இல்லை. தன் பணத்தையும் பெயரையும் கொட்டி வளர்த்ததை நேற்று வந்தவர்கள் தூக்கிக்கொண்டு போவதை எந்த மனிதரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். அப்படியென்றால் அதை வெளிப்படையாக எழுதிவைக்கலாம்: முதல் இத்தனை ஆண்டுகளுக்கு நிறுவனரே தலைவர், அதன்பின் இந்தத் தேதியில் தேர்தல் என்று. கோபப்படுகிறவர்கள் தொடக்கத்திலேயே விலகிக்கொள்வார்கள். தேர்தல் என்று அழைத்துவிட்டு முடிவை மட்டும் கையில் வைத்துக்கொள்வதுதான் துரோகம். லாமும் கார்கனும் அந்த அழைப்பை நம்பி வந்தவர்கள்.

இந்தியாவில் இதே பாதையில் நடந்தது ஆம் ஆத்மி கட்சி. 2012-இல் பிறந்தபோது அதன் அமைப்பு விதிகள் இங்குள்ள எந்தக் கட்சிக்கும் இல்லாத அழகு. ஒரே பதவியில் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் இருக்கக் கூடாது. உட்கட்சிப் புகார்களை விசாரிக்கத் தனி லோக்பால். 2015 பிப்ரவரியில் டெல்லியில் 70-க்கு 67 இடங்களை வென்றது. அடுத்த மாதம் 28-ஆம் தேதி தேசியக் குழுவில் யோகேந்திர யாதவும் பிரசாந்த் பூஷணும் செயற்குழுவிலிருந்து நீக்கப்பட்டார்கள். அந்தக் கூட்டத்துக்கு வர வேண்டாம் என்று உட்கட்சி லோக்பாலான அட்மிரல் ராம்தாஸிடமே சொல்லப்பட்டது. மறுநாள் அவர் இடத்தில் வேறொரு குழு. யார் பக்கம் நியாயம் என்ற விவாதத்தை விடுங்கள். ஆட்டம் சூடான நாளில் நடுவரை மைதானத்துக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். 2021 ஜனவரியில் பதவிக்கால வரம்பும் விதிகளிலிருந்து நீக்கப்பட்டது. அந்தச் செப்டம்பரில் அரவிந்த் கெஜ்ரிவால் மூன்றாம் முறையாக தேசிய ஒருங்கிணைப்பாளரானார்.

ஜெர்மனியில் கட்சிகளின் உள்ளமைப்பு ஜனநாயக நெறிகளுக்கு இசைந்திருக்க வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. 1967 முதல் அதற்குத் தனிச் சட்டமும் இருக்கிறது. இங்கே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு கட்சிகளைப் பதிவுசெய்வதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. உட்கட்சி ஜனநாயகத்தைச் சட்டமாக்கச் சொல்லி 1999-இல் சட்ட ஆணையம் தன் 170-ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. அது அறிக்கையாகவே இருக்கிறது. விதிகளை மீறிய கட்சியின் பதிவை ரத்துசெய்யும் பொது அதிகாரம் தேர்தல் ஆணையத்துக்கு இல்லை என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே ஒரு சிறு சீர்திருத்தக் கட்சியில் தலைமைக்கு நிற்பவர் கொள்கை உரையைத் தொடங்கும் முன் மூன்று காரியங்களை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அதன் உறுப்பினர்கள் கேட்கலாம். தேர்தல் அறிவிக்கும் நாளுக்கு முன்பே மூடி வெளியிடப்பட்ட உறுப்பினர் பட்டியல். எந்த வேட்பாளரிடமும் சம்பளம் வாங்காத தேர்தல் அதிகாரி. முடிவு வந்த வாரத்திலேயே அலுவலகச் சாவியும் வங்கிக் கணக்கும் கைமாறும் ஏற்பாடு. இவற்றில் கையெழுத்திடத் தயங்கும் வேட்பாளருக்கு, அவர் எவ்வளவு தியாகியாக இருந்தாலும், நான் வாக்களிக்க மாட்டேன்.